வாய்ப்பூட்டை உடைத்த உபதேர்தல்

ஜனங்கள் தெரிந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் கேள்வி, சட்டசபைகள் தோன்றிய நாள் முதலே இருந்து வருகிறது. சபைக்கு விதிகள் உண்டு. அங்கத்தினர் அவற்றுக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின், பெரும்பான்மையோர் தங்களுக்கு உவப்பில்லாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச்சே எழக்கூடாதென்று விதி செய்துகொண்டு, மீறி வாய் திறந்தவரை அவமானப்படுத்தி உட்காரவைத்தால், அவர் என்ன செய்வது? வாய்மூடி இருப்பது ஒரு வழி. மனம் கசந்து பொதுவாழ்வைத் துறந்து வீடு திரும்புவது மற்றொரு வழி. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியொன்றை 1842-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவர் கையாண்டு காட்டினார். ஜாஷுவா ரீட் கிடிங்ஸ் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

கிடிங்ஸ் 1795-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 6-ஆம் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோர் நியூயார்க் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தனர். 1806-ல் அங்கிருந்தும் புறப்பட்டு, ஒஹையோ மாகாணத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள ஆஷ்டபூலா ஜில்லாவில் குடியேறினர். அந்நாளில் அப்பிரதேசம் அடர்ந்த காடு. மரங்களை வெட்டி, வேரைப் பறித்து, நிலத்தைப் பண்படுத்தினாலன்றி அங்கே பிழைப்பு இல்லை. பதினொரு வயதுச் சிறுவனான கிடிங்ஸ் கோடரி பிடித்து வேலை செய்தான். பள்ளிக்கூடம் சென்று படிக்கும் பாக்கியம் அவனுக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை. கிடைத்த புத்தகங்களை இரவல் வாங்கி, வேலையொழிந்த வேளைகளில் தானே படித்துக்கொண்டான்.

1812-ல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம் மூண்டபோது, பதினாறு வயதிலேயே கிடிங்ஸ் படையில் சேர்ந்து ஈரி ஏரிக் கரையில் போர் புரிந்தார். பிறகு சில காலம் உபாத்தியாயர் வேலை பார்த்தார். அப்பால் எலிஷா விட்டில்ஸி என்னும் வக்கீலிடம் சட்டம் பயின்று, 1821-ல் தாமும் வக்கீலானார். ஜெபர்ஸன் என்னும் சிற்றூரில் அவரது தொழில் நன்கு நடந்தது. பணமும் சேர்ந்தது, ஆனால் 1837-ல் நாடெங்கும் உண்டான வியாபார நெருக்கடியில், நிலங்களில் அவர் முடக்கியிருந்த செல்வம் பெரிதும் கரைந்தது. அடுத்த வருஷம் விட்டில்ஸி காங்கிரஸ் ஸ்தானத்தை ராஜிநாமா செய்ய, காலியான அவ்விடத்துக்கு விக் கட்சியின் சார்பில் கிடிங்ஸ் தெரிந்தெடுக்கப்பட்டார். 1838 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் ஜனப் பிரதிநிதி சபையில் அவர் அமர்ந்தபோது வயது நாற்பத்துமூன்று.

அந்தச் சபையின் நிலைமையை வாசகர்கள் அறிந்தாலன்றி மேல்வரும் சம்பவங்கள் விளங்கமாட்டா. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776-ல் உலகறியப் பிரகடனம் செய்த அந்நாட்டின் தென்பகுதி மாகாணங்களில், லக்ஷக்கணக்கான நீக்ரோ மக்கள் ஆடுமாடுகளைப்போல் விலை கூறப்பட்டு வந்தார்கள். வாஷிங்டன் தலைநகரமும் அதைச் சூழ்ந்த வட்டாரமும் நேராகக் காங்கிரஸின் ஆட்சிக்குட்பட்டவை. அங்கேயாவது அடிமை வியாபாரத்தை ஒழிக்கவேண்டுமென்று வடபகுதி ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மனு அனுப்பலானார்கள். தென்பகுதிப் பிரதிநிதிகள் இதைச் சகிக்கவில்லை. அடிமை முறையைப் பற்றிய எந்த மனுவையும் சபை விவாதிக்கலாகாது என்று 1836-ல் ஒரு தீர்மானம் நிறைவேறியது. 1840-ல் அத்தகைய மனுக்களைப் பெற்றுக்கொள்ளவே கூடாது என்று அது இன்னும் கடுமையாக்கப்பட்டு, சபையின் நிலையான விதியாயிற்று. வாய்ப்பூட்டு விதி என்றே சரித்திரத்தில் அதற்குப் பெயர் வழங்குகிறது.

இவ்விதியை எதிர்த்து அக்காலத்தில் சபைக்குள்ளே போராடியவர்களில் முதல்வர் ஜான் குயின்ஸி ஆடம்ஸ். நாட்டின் ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பின்னர், சாதாரண அங்கத்தினராகச் சபைக்கு வந்த கிழவர் அவர். கிடிங்ஸ் அவருக்குத் துணையாக நின்றார். அடிமை முறையைப் பற்றி நேராகப் பேச இடமில்லாதபோது, சுற்றுவழியில் பேசும் சாமர்த்தியத்தை அவர் கற்றுக்கொண்டார். 1841 பிப்ரவரியில், பிளாரிடாவில் செமினோல் இந்தியருடன் நடந்துவந்த யுத்தத்தின் செலவைப் பற்றி விவாதம் வந்தது. அந்த யுத்தத்தின் காரணங்களில் ஒன்று, ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் முயற்சியே என்று சர்க்கார் தஸ்தாவேஜுகளைக் கொண்டே அவர் விரித்துரைத்தார். செலவைப் பற்றிப் பேசுவதை எந்த விதி தடுக்கும்? கூச்சல் எழுந்தது, அவர் பேசி முடித்தே அமர்ந்தார்.

இந்நிலையில் 1841 நவம்பரில் கிரியோல் என்னும் கப்பலில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. அக்கப்பல் வர்ஜீனியாவிலிருந்து 135 அடிமைகளை ஏற்றிக்கொண்டு, நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் விற்பதற்காகச் சென்றுகொண்டிருந்தது. நவம்பர் 7-ஆம் தேதி இரவில், மாடிஸன் வாஷிங்டன் என்னும் அடிமையின் தலைமையில் பத்தொன்பது பேர் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினர். கைகலப்பில் அடிமைகளைக் கொண்டுசென்ற வியாபாரத் தரப்பு ஆள் ஒருவர் மாண்டார், காப்டன் காயமுற்றார். எழுந்தவர்கள் பழிவாங்கும் வெறியில் இறங்கவில்லை. மாலுமிகளைக் கொண்டே கப்பலை நடத்தி, பஹாமாத் தீவிலுள்ள நாஸோ துறைமுகத்தை 9-ஆம் தேதி அடைந்தார்கள். அது பிரிட்டிஷாருக்கு உட்பட்ட தீவு. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-லேயே அங்கு அமுலுக்கு வந்துவிட்டது. கிளர்ச்சியில் சேர்ந்த பத்தொன்பது பேரை மட்டும் காவலில் வைத்து, மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி போகலாமென்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

தென்பகுதியில் ஆத்திரம் பொங்கியது. வெளிநாட்டு விவகார மந்திரி டேனியல் வெப்ஸ்டர் வடபகுதியாகிய மாஸசூஸெட்ஸைச் சேர்ந்தவர். நாவன்மையில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்றவர். அவரே 1842 ஜனவரியில் லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு எழுதி, அடிமைகளின் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு கோரச் செய்தார். தப்பிய மனிதரைத் தேசத்தின் சொத்தாகப் பாவித்துத் தேசத்தின் பெயராலேயே கேட்கும் கோரிக்கை இது. சுதந்திர மாகாணங்களின் ஜனங்களும் இதற்குப் பங்காளிகளாக்கப்படுகிறார்கள் என்பதைக் கிடிங்ஸ் கண்டார்.

மார்ச் 21-ஆம் தேதி, மாகாணங்களை வரிசையாக அழைத்துத் தீர்மானங்களைப் பெறும் நாள். ஒஹையோவின் முறை வந்ததும், கிடிங்ஸ் எழுந்து ஒன்பது தீர்மானங்களைச் சமர்ப்பித்தார். அவற்றின் சாரம் இது: அடிமை முறை இயற்கை நியாயத்துக்கு மாறானது, ஆகவே அந்தந்த மாகாணம் செய்த சட்டத்தின் பலத்தாலன்றி அது நிற்காது, அச்சட்டமும் மாகாண எல்லைக்கு அப்பால் செல்லாது. கப்பல் அவ்வெல்லையைக் கடந்து நடுக்கடல் சேர்ந்ததும், அதிலுள்ளவர் ஐக்கிய நாட்டின் சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டவர். ஆதலால் கிரியோல் கப்பலில் தங்கள் விடுதலையை மீண்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஐக்கிய நாட்டின் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அவர்களைத் திரும்ப அடிமைப்படுத்த முயல்வது தேசத்தின் கௌரவத்துக்கு இழுக்கு.

வக்கீலின் வாதம் இது, கலகக்காரரின் கோஷமன்று. தென்பகுதியார் எப்போதும் முன்னிறுத்தும் மாகாண உரிமை என்னும் ஆயுதத்தையே எடுத்து அவர் அவர்கள் மீது திருப்பினார். அதனாலேயே கோபம் அதிகமாயிற்று. அவகாசமெடுத்து ஆலோசிக்கட்டும் என்று கருதிக் கிடிங்ஸ் அப்போதைக்குத் தீர்மானங்களை வாபஸ் பெற்றுக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. அவர் கட்சியையே சேர்ந்த, வர்ஜீனியாப் பிரதிநிதி பாட்ஸ் என்பவர் கண்டனத் தீர்மானமொன்றை எழுதினார். அவருக்கு அன்று பிரேரேபிக்க வழி கிடைக்காமற் போகவே, ஒஹையோவையே சேர்ந்த எதிர்க்கட்சிக்காரர் வெல்லர் என்பவர் அதைத் தமதாகக் கொண்டுவந்து, விவாதமின்றி உடனே வோட்டெடுக்கவேண்டுமென்றும் கோரினார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் இதே சபையில் ஆடம்ஸ் மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தம் கட்சியை எடுத்துச் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று எழுந்த அந்தக் கிழவர், ஏறக்குறைய இரண்டு வாரம் பேசி, குற்றம் சாட்டியவர்களையே குற்றவாளிகளாக்கிவிட்டார். முடிவில் தீர்மானத்தை ஒதுக்கிவைத்துத் தப்பித்துக்கொள்ளும்படி நேர்ந்தது. பேச விட்டால் ஆபத்து என்னும் பாடத்தை அவர்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள். ஆகவே மார்ச் 22-ஆம் தேதி, கிடிங்ஸுக்குத் தம் தரப்பைச் சொல்ல இடங்கொடாமலே வோட்டெடுத்தார்கள். கண்டனத்துக்கு ஆதரவு 125, எதிர்ப்பு 69. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய்மொழியைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வதைத் தெருப் பஞ்சாயத்திலும் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள். சுதந்திர நாடு என்று மார்தட்டிய நாட்டின் மகாசபை அதைச் செய்தது.

இங்கே ஒரு விஷயத்தை நாம் கவனிக்கவேண்டும். கண்டனத் தீர்மானத்தால் ஓர் அங்கத்தினரின் ஸ்தானம் போய்விடாது. அவரைச் சபையிலிருந்து நீக்கவேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வோட்டு வேண்டுமென்று அரசியல் சட்டம் கூறுகிறது. ஆகவே கிடிங்ஸ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தம் இடத்திலேயே இருந்திருக்கலாம். சம்பளமும் அந்தஸ்தும் குறைந்திரா. ஆனால் தமக்கு நேர்ந்த அவமானத்தைத் தம்முடைய சொந்த விஷயமாக அவர் கருதவில்லை. தம்மை அனுப்பிய ஜனங்களின் அபிப்பிராயத்தையன்றோ சபை கண்டித்தது? அந்த அபிப்பிராயம் எதுவென்று அவர்களே சொல்லட்டும் என்று தீர்மானித்தார். அன்றே ராஜிநாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஆடம்ஸிடம் விடைபெற்று ஊருக்குப் புறப்பட்டார்.

வெற்றி நிச்சயம் என்று அன்று யார் சொல்லக்கூடும்? தேசம் பிளவுபடும், யுத்தம் வரும் என்ற பயமுறுத்தல் ஒருபுறம். கட்சியின் ஒற்றுமையைக் குலைத்தவர் என்று தம் கட்சியாரே கூறிய பழி மற்றொருபுறம். வடபகுதியிலும் கடல் வியாபாரிகளும் பஞ்சு வியாபாரிகளும் அடிமைகளின் உழைப்பால் லாபமடைந்து வந்தார்கள். தொந்தரவு வேண்டாமென்பதே அவர்கள் மனப்பான்மை. ஆயினும் ஆஷ்டபூலாப் பக்கத்து ஜனங்கள் கனெக்டிகட் முதலிய கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்து தங்கள் கையால் காட்டைத் திருத்தியவர்கள். மனு எழுதி அனுப்பும் உரிமையைப் பிதிரார்ஜிதமாக எண்ணியவர்கள். அவர்களுடைய மனுக்களைத்தான் வாஷிங்டனில் தொட்டும் பாராமல் தள்ளினார்கள். எனவே, அந்தத் தேர்தலில் அடிமைகளின் விடுதலை மட்டுமன்று, தங்கள் சொந்தக் குரலும் பணயமாக வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் உணர்ந்துகொண்டார்கள்.

கவர்னர் தாமஸ் கார்வின் உபதேர்தலுக்கு ஏப்ரல் 26-ஆம் தேதியைக் குறித்தார். ராஜிநாமாவுக்கும் தேர்தலுக்கும் இடையே இருந்தது ஐந்தே வாரம். முடிவு வெளியானபோது, மிகப் பெரிய வோட்டு வித்தியாசத்தில் கிடிங்ஸ் ஜயித்தார். எதிரிக்குக் கிடைத்த வோட்டுகள் சொற்பமே. சபை சொன்ன தீர்ப்பை ஜனங்கள் ரத்து செய்துவிட்டார்கள். அதே ஏப்ரல் மாதத்தில்தான், நாஸோவில் காவலிலிருந்த கிரியோல் கிளர்ச்சிக்காரருள் உயிரோடு எஞ்சியவர்களும் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

கிடிங்ஸ் எந்த வாசல் வழியாக வெளியேறினாரோ அதே வாசல் வழியாகச் சபைக்குத் திரும்பிவந்தார். எந்தக் கருத்துக்களுக்காகக் கண்டிக்கப்பட்டாரோ அதே கருத்துக்களை மறுபடியும் சபையில் எடுத்துரைத்தார். ஒருவரும் இரண்டாம் முறை கண்டனத் தீர்மானம் கொண்டுவரத் துணியவில்லை. கொண்டுவந்து பயன் என்ன? இன்னொரு தடவை ஊருக்குப் போய் இன்னும் அதிகப் பலத்தோடு வருவார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வாய்ப்பூட்டு விதியும் நெடுநாள் நிற்கவில்லை. 1844 டிசம்பர் 3-ஆம் தேதி, ஆடம்ஸின் பிரேரணையின் மேல் சபையே அதை நீக்கிவிட்டது. அவ்விதி தளர்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வடபகுதி வாக்காளர் இனி இதைப் பொறுக்கமாட்டார்கள் என்பதை முதன்முதலில் எண்ணிக் காட்டிய கணக்கு, ஒஹையோவின் அந்த உபதேர்தல் என்றே நாம் கருதுகிறோம்.

உண்மையை ஒளிக்காமல் சொல்வதானால், அவ்வெற்றிக்கு எல்லைகளும் இருந்தன. ஒஹையோவின் அந்நாளைய அரசியல் சட்டம் வெள்ளையரான ஆண்களுக்கு மட்டுமே வோட்டுரிமை அளித்திருந்தது. யாருடைய விடுதலையைப் பற்றித் தேர்தல் நடந்ததோ, அந்த இனத்தார் ஒருவருக்கேனும் அதில் வோட்டில்லை, ஸ்திரீகளுக்கும் இல்லை. கிரியோல் விவகாரத்திலும் கிடிங்ஸின் வாதம் சர்க்காரால் ஏற்கப்படவில்லை. இரு நாட்டாரும் நியமித்த கமிஷன் 1855-ல் அடிமைகளின் சொந்தக்காரருக்கு 1,10,330 டாலர் நஷ்டஈடு கிடைக்கும்படி தீர்ப்பளித்தது. ஒரு தேர்தலால் உலகம் திருந்திவிடுவதில்லை. பேசுவதற்கு இடம் உண்டாயிற்று. மற்றவை அதன்பின் பேசியும் போராடியும் பெறவேண்டியவையாகவே இருந்தன.

அவ்விடத்தைக் கிடிங்ஸ் வீணாக்கவில்லை. 1859 வரை அதே ஜனங்கள் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். ஒரு சமயம் அவர் பேசிக்கொண்டிருக்கையில், தென்பகுதி அங்கத்தினர் கைத்தடியோடும் துப்பாக்கியோடும் நெருங்கி மிரட்டினர். அவர் பேச்சை நிறுத்தவில்லை. 1846-ல் மெக்ஸிகோ மீது யுத்தம் தொடுக்கும் மசோதாவை எதிர்த்து வோட்டளித்த பதினான்கு பேரில் அவர் ஒருவர். 1848-ல் பெர்ல் என்னும் படகில் தலைநகரிலிருந்து தப்ப முயன்ற எழுபதுக்கும் மேற்பட்ட அடிமைகள் பிடிபட்டபோது, வெறிகொண்ட கூட்டம் சூழ்ந்து நிற்க, சிறைக்கு நேரில் சென்று உதவி செய்தார். விக் கட்சி அடிமை விஷயத்தில் வழுக்குவதைக் கண்டு, அதே வருஷம் அதை விட்டு விலகினார். அக்காலத்தில் வாஷிங்டனில் ஒரே விடுதியில் அவருடன் தங்கியிருந்த ஒருவர், தலைநகரில் அடிமை முறையை ஒழிக்க ஒரு மசோதாத் தயாரித்து அவருடன் கலந்தாலோசித்தார். ஆபிரகாம் லிங்கன் என்னும் இளம் அங்கத்தினர்தான் அவர்.

1860-ல் சிக்காகோ நகரில் கூடிய குடியரசுக் கட்சி மகாநாட்டிலும் கிடிங்ஸ் தம் குணத்தைக் காட்டினார். கட்சியின் கொள்கை அறிக்கையில், சுதந்திரப் பிரகடனத்தின் சமத்துவ வாக்கியங்களைச் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். மகாநாடு அதைத் தள்ளியது. அறுபத்துநான்கு வயதுக் கிழவர் எழுந்து வெளியே நடந்தார். வேறோர் இளைஞர் அதே திருத்தத்தை மறுபடி பிரேரேபிக்க, இம்முறை அது நிறைவேறியது. கிடிங்ஸ் திரும்பிவந்து அமர்ந்தார். மறு வருஷம் ஜனாதிபதி லிங்கன் அவரைக் கானடாவிலுள்ள பிரிட்டிஷ் பிரதேசங்களுக்குக் கான்ஸல் ஜெனரலாக நியமித்தார். அந்தப் பதவியிலிருக்கையில், 1864 மே 27-ஆம் தேதி மாண்ட்ரீல் நகரில் அவர் காலமானார். அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை, அவர் இருபது வருஷம் போராடிய அதே ஜனப் பிரதிநிதி சபை எட்டு மாதங்களுக்குப்பின் 1865 ஜனவரி 31-ஆம் தேதி நிறைவேற்றியது. அதைக் காண அவர் இல்லை.

ஜெபர்ஸன் ஊரில் அவர் தொழில் செய்த சிறிய மரக் கட்டிடம் ஞாபகச் சின்னமாகக் காக்கப்பட்டு வருகிறது. அந்த ஊராரும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் 1842-ல் செய்த காரியமும் அவருடைய பெருமையோடு சேர்த்து நினைக்கத்தக்கது என்பது நம் அபிப்பிராயம். பிரதிநிதியிடம் துணிவில்லாவிட்டால் வாக்காளரின் துணிவு வெளிப்பட வழியில்லை. வாக்காளர் கைவிட்டால் பிரதிநிதியின் துணிவு தனிமனிதனின் பிடிவாதமாக முடியும். கிடிங்ஸ் ஸ்தானத்தைத் துறந்து ஜனங்களிடம் போனார். ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை. பெரும்பான்மையின் பலத்தால் ஒருவர் வாயை அடைக்கலாம். அவருக்குப் பின்னால் நிற்பவர்களும் வாய் திறந்துவிட்டால், அடைப்பதற்குப் பூட்டுப் போதாது. அப்படி வாய் திறக்கும் ஜனங்கள் உள்ள தேசத்தில்தான் சட்டசபை என்பதற்கு அர்த்தமுண்டு.